பிசைந்த கை

ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லும்போது ரொட்டிக்காரரைப் பார்க்காமல் அவர் மனைவியைப் பார்த்தார். காது நன்றாகக் கேட்கிற மனிதரைக் கட்டிலில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடம் பேசும் பழக்கம் டாக்டர்களுக்கு எப்படித்தான் வருகிறதோ.

முப்பத்தெட்டு வருடம் அடுப்பு வாயில் நின்றவர். தினமும் மூட்டை மூட்டையாக மாவு கொட்டி, அந்தத் தூசியைச் சுவாசித்தே வாழ்ந்தவர். அது நெஞ்சுக்குள் படிந்து இறுகிவிட்டது. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு மூச்சைத் தேட வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்து, ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து உட்கார வைத்தார்கள். படுத்தால் மூச்சு நின்றுவிடும்.

"எனக்கு ஒண்ணு வேணும்," என்றார்.

"பால் சுட வைக்கட்டுமா?"

"பால் இல்ல. ஞாயித்துக்கிழமை கோயில்ல திருவிருந்து மேசை இருக்குல்ல?"

"மாசத்து முதல் ஞாயிறு. இருக்கு."

"அதுல எனக்கு ஒரு துண்டு வேணும். போதகர் கையால." மூச்சை இழுத்துக்கொண்டு முடித்தார். "நான் வெளியில கிடந்து சாகக்கூடாது."

அவள் போர்வையை இழுத்துவிட்டாள். இழுத்துவிட ஒன்றுமில்லை, போர்வை சரியாகத்தான் இருந்தது.

விஷயம் பத்தொன்பது வருடத்துக்கு முந்தையது. பேக்கரிக்கு மாவு எடுக்க அவர் தினமும் போகிற மில்லில், கொதிகலன் பார்க்கிற ஆள் ஒருநாள் அவரிடம் புலம்பினான். வால்வு சிக்கிக்கொண்டிருக்கிறது, முதலாளியிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்றான். மில் முதலாளி சபையின் தலைமை மூப்பர். ரொட்டிக்காரரும் அப்போது சபையில் உள்ளவர்தான். மூப்பர்கள் கூட்டத்துக்கே போய் எல்லார் முன்னாலும் சொன்னார். ஜெபிப்போம் என்றார்கள். ஒன்பது நாள் ஜெபித்தார்கள். பத்தாம் நாள் கொதிகலன் வெடித்தது. கொதிகலன்காரனும், பக்கத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியும் செத்தார்கள். நீதிமன்றத்தில் கூப்பிட்டுக் கேட்டபோது ரொட்டிக்காரர் தெரிந்ததைச் சொன்னார். மில் முதலாளிக்கு ஆறு மாதம் சிறை கிடைத்தது, ரொட்டிக்காரருக்குச் சபை நீக்கம் கிடைத்தது. சபையார் ஒருவருக்கொருவர் விரோதமாக வெளி மன்றத்தில் பேசக்கூடாது என்பது அங்கே விதி. சிறை ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது.

மனைவி பெயரை மட்டும் சபைப் பதிவேட்டில் விட்டுவைத்தார்கள். அவளும் ஞாயிறு தவறாமல் போய் வந்தாள். "உன்னையும் போகாதேன்னா சொன்னேன்? போ. போய்ட்டு வந்து என்ன பிரசங்கம்னு சொல்லு," என்பார். அவள் வந்து சொல்வாள். அவர் ஆசீர்வாதம் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

மேசைக்கான அப்பத்தைச் சபையில் ஒரே வீட்டில்தான் சுடுவார்கள். புளிக்க வைக்காத மாவில் மெல்லிசாகச் சுட்ட ரொட்டி. பிசைகிற கை பதிவேட்டில் பெயர் உள்ள கையாக இருக்க வேண்டும், பிசையும்போது வாய் ஜெபம் சொல்ல வேண்டும், இவ்வளவுதான் விதி. முன்பு சுட்டுக்கொண்டிருந்த அம்மாள் இறந்தபின் அந்த வேலை இவளுக்கு வந்தது. ரொட்டிக்காரர் பெண்டாட்டிக்கு ரொட்டி சுடச் சொல்லியா தர வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கோ அதற்குமுன் ரொட்டி சுட்டே பழக்கமில்லை. வீட்டில் ஒரு ரொட்டிக்காரர் இருக்கும்போது வேறு யார் சுடுவார்கள்? மூன்று வருடம் அவள் சுட்டதைச் சபையார் பல்லைக் கடித்துக்கொண்டு தின்றார்கள்.

பிறகு ஒருநாள் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு பிறகு கோணலாகத்தான் கூடியது. அந்தச் சனிக்கிழமை மாவுப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்து, வேலை முடிந்து வந்த மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"நீ ஜெபத்தைச் சொல்லு. நான் கையை மட்டும் குடுக்கிறேன்."

அப்படித்தான் பதினொரு வருடம் நடந்தது. அவள் சொல்வாள், அவர் பிசைவார். ஓரம் வெட்டின துணுக்கைக்கூட வாயில் போட மாட்டார். "அது மேசையில உள்ளவங்களுக்கு," என்று வழித்து அடுப்பில் போட்டுவிடுவார். நீக்கினது நீக்கினதுதான் என்பதில் மூப்பர்களைவிட அவர் கண்டிப்பு. சபையில் அவளுக்கு அப்பக்காரம்மா என்று பேர் விழுந்தது. "கை உடைஞ்ச பிறகுதான்மா உங்களுக்குக் கை மணமே வந்திருக்கு!" என்று கிண்டல் வேறு செய்வார்கள். அவள் சிரித்து வைப்பாள். யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

வியாழக்கிழமை நாத்தனாரைக் காவலுக்கு வைத்துவிட்டு அவள் போதகரைப் பார்க்கப் போனாள். அண்ணன் பெயரை அடித்த அன்றே எழுந்து வெளியே நடந்தவள் இந்த நாத்தனார். அவளிடம் சபையைப் பற்றிப் பேச்செடுத்தால் நாக்கில் மிளகாய் தடவினது போல ஆகிவிடுவாள்.

"போங்க அண்ணி, போங்க. காலைப் பிடிக்கணும்னா ரெண்டு காலையும் சேர்த்துப் பிடிங்க. ஒத்தைக் காலைப் பிடிச்சா உதறிடுவாங்க."

போதகருக்கு நாற்பது வயதுகூட இல்லை. நல்லவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு விரல்களைக் கோத்துக்கொண்டு சொன்னார்:

"அம்மா, சபைன்னு ரெண்டு இருக்கு. ஒண்ணு கண்ணுக்குத் தெரியிற சபை. இந்தக் கட்டடம், பெஞ்சு, பதிவேடு எல்லாம் அதுல சேரும். இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாத சபை. அதுல யார் யார் இருக்காங்கன்னு கடவுளுக்கு மட்டும்தான் தெரியும். இங்க பேர் இருக்கிற எல்லாரும் அங்க இருக்காங்கன்னு சொல்ல முடியாது. அங்க இருக்கிற எல்லார் பேரும் இங்க இருக்கும்னும் சொல்ல முடியாது. உங்க வீட்டுக்காரர் அங்க இருப்பாருன்னுதான் நான் நம்புறேன்."

"அந்தச் சபையில மேசை யாருங்க ஐயா போடுறது?"

போதகர் சிரிக்கப் பார்த்தார். அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"அவருக்கு அது போதாதுங்க ஐயா," என்றாள். "கண்ணுக்குத் தெரியாததை வச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவாரு? ரொட்டி சுடுறவரு. கையில பிடிச்சுப் பார்த்தாத்தான் அவருக்கு எதுவும் நம்பிக்கை. சாகப்போற நேரத்துல ஒரு துண்டு கேக்கிறாரு. நீங்க குடுத்தா யாரு தடுக்கப் போறாங்க?"

"நானா குடுக்க முடியாதும்மா. மூப்பர்கள் ஒத்துக்கணும். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவாங்க. நான் பேசுறேன். சனிக்கிழமை மூப்பரையும் கூட்டிக்கிட்டு நானே வர்றேன்."

சனிக்கிழமை காலையில் ரொட்டிக்காரர் மாவு கேட்டார்.

"இந்த மாசம் நானே எப்படியோ பிசைஞ்சுக்கிறேங்க. நீங்க சும்மா இருங்க."

"நீ பிசைஞ்சா மறுபடியும் பல் உடையும். கொண்டா."

பாத்திரத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு விரல் நுனியால் மாவைச் சேர்த்தார். உள்ளங்கையின் அடியால் அழுத்தித் தள்ளுவார், மடிப்பார், நின்று மூச்சு வாங்குவார், மறுபடி தள்ளுவார். பத்து நிமிட வேலை ஒரு மணி நேரம் பிடித்தது. நெற்றி வியர்வை மாவில் விழாமல் நாத்தனார் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். முழங்கை வரைக்கும் நடுங்கினாலும் விரல்கள் மட்டும் தடுமாறவில்லை. அவள் ஜெபத்தைச் சொன்னாள். அவர் மூச்சு வாங்க நின்றால் அவளும் நிறுத்தினாள். சுட்டு எடுத்த அப்பத்தை வெள்ளைத் துணி விரித்த பலகையில் ஆற வைத்தாள்.

பிற்பகல் போதகரும் மூப்பரும் வந்தார்கள். இப்போதைய மூப்பர் பழைய மில் முதலாளியின் மகன். பிரசங்கத்தில் போதகர் மூச்சு வாங்க நிறுத்தினால்கூட அந்த இடைவெளியில் உரக்க ஆமென் சொல்கிறவர், அதனால் ஊருக்குள் அவர் பேரே ஆமென் மூப்பர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அப்பாவின் பெயரைச் சுமக்கிறவர். அப்பா போன வருடம்தான் படுக்கையில் காலமானார்.

காகிதத்தைப் போதகர் வாசித்தார். சபையின் சகோதரர் ஒருவருக்கு விரோதமாக வெளியாரிடம் பேசி, சபைக்கு வருத்தம் உண்டாக்கியதற்காக மனம் வருந்துகிறேன். அவ்வளவுதான். பேனாவைத் திறந்தே கொண்டுவந்திருந்தார்.

"எதுக்கு வருத்தம்?" என்றார் ரொட்டிக்காரர். "நான் பொய் சொன்னேன்னா?"

"பொய்னு யாரும் சொல்லலங்க," என்றார் மூப்பர். "உண்மையாவே இருந்தாலும் எங்க சொல்றதுன்னு ஒரு முறை இருக்குல்ல?"

"முறைப்படி உங்ககிட்டத்தானே முதல்ல சொன்னேன். உங்க அப்பா தலைமையில உட்கார்ந்திருந்தாரு. ஒன்பது நாள் ஜெபிச்சீங்க."

"பழசைக் கிளற வேண்டாமே. அப்பாவும் போய்ச் சேர்ந்துட்டாரு. உங்களுக்கும்..." மூப்பர் நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் என்ன இருந்தது என்று அறையிலிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

"எனக்கும் நாள் ஆயிடுச்சு. அதைச் சொல்ல என்ன தயக்கம்?" ரொட்டிக்காரர் வெகுநேரம் மூச்சைத் தேடினார். "அந்தக் கொதிகலன்காரன் பேரு உங்க ஏட்டுல இல்ல. சாக்கு தைக்கிற பொண்ணு பேரும் இல்ல. அவங்க செத்ததை எழுதி வைக்க உங்ககிட்ட இடமே இல்ல. என் வாய்ல மட்டும்தான் இருக்கு. அதையும் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு நான் ஒரு துண்டு அப்பம் தின்னணுமா?"

"என்னங்க, ஒரு வரிதானே..." என்றாள் அவள். சொன்ன உடனே அவளுக்கே கூசியது.

"எடுத்துட்டுப் போகச் சொல்லு," என்றார்.

போதகர் பேனாவை மூடினார். எழுந்து வாசல் பக்கம் போன மூப்பர், பலகையைக் கண்டதும் நின்றார். கனமாகக் கிடந்த காற்றை லேசாக்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்.

"நாளைக்கு அப்பம் தயாராயிடுச்சு போல. வாசனையே சொல்லுதே! உங்க கை மாதிரி வராதும்மா. அப்பா கடைசியா வாயில வாங்கினதே உங்க அப்பம்தான்."

அவளுக்கு நல்லதுக்கா கெட்டதுக்கா என்று யோசிக்க நேரமில்லை.

"அது என் கை இல்லீங்க," என்றாள். "என் கை பதினொரு வருஷத்துக்கு முன்னாடியே உடைஞ்சு போச்சு. பிசைஞ்சது, சுட்டது எல்லாம் இவரு. இன்னைக்குக் காலையில பிசைஞ்சதும் இவருதான். பாருங்க, நகத்துல மாவு இன்னும் காயல."

மூப்பர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "அப்பாவுக்குக் கொண்டு வந்தது?"

"அதுவும்."

எதற்கும் ஆமென் சொல்கிற வாய் அடைத்துப் போனது. போதகர்தான் அவர் தோளைத் தொட்டார். "அதுல உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். யார் கை பிசைஞ்சாலும் அப்பம் அப்பம்தான். அப்பா வாங்கினது குறையில்லாத அப்பம்."

"அப்போ இவரு கை மேசைக்கு ஆகும், வாய்தான் ஆகாது. அப்படித்தானேங்க ஐயா?" என்றாள்.

போதகர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார். "நல்லாக் குடுத்தீங்க அண்ணி!" என்று நாத்தனார் கையைத் தட்டினாள். அவளுக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு நிமிரத்தான் செய்தது. கட்டில் பக்கம் திரும்பியபோது ரொட்டிக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்திருந்தார்.

"ஏன் சொன்ன?"

"எல்லாருக்கும் தெரியட்டும்னுதான். இத்தனை வருஷம் யாரு ஊட்டினாங்கன்னு..."

"தெரியக்கூடாதுன்னுதானே இருந்தேன்." கோபப்படவும் அவருக்கு மூச்சு போதவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "மாசத்துல ஒரு நாள், நூத்தி எண்பது பேரு வாயில நான் இருந்தேன். இவன் வாயில இருந்தேன், இவன் அப்பன் வாயில இருந்தேன். யாருக்கும் தெரியாது. அதனாலதான் இருக்க முடிஞ்சுது. உள்ளதான்டி இருந்தேன் இத்தனை நாளும். நீ ஒரு வார்த்தையில வெளிய கொண்டு வந்து விட்டுட்ட."

அதன்பின் அவருக்குப் பாலும் இறங்கவில்லை. அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு ஒரு துண்டு வாங்கித்தரப் போனவள், இருந்ததையும் பிடுங்கிவிட்டாள். இதைவிடப் பெரிய துரோகம் எந்த நீதிமன்றத்தில் யார் சொல்லி நடந்திருக்கும்?

ஞாயிறு காலை அப்பத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல ஆலயத்தின் பக்கவாசலுக்குப் போனாள். போதகர் வெள்ளை அங்கி போட்டுத் தயாராக இருந்தார். மேசைமேல் தட்டு நிறையக் கடை ரொட்டி, ஓரம் நீக்கிச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கியிருந்தது.

"நேத்து சாயங்காலம் மூப்பர்கள் கூடினாங்கம்மா. இத்தனை வருஷம் சபைகிட்ட மறைச்சதுக்காக உங்க பேரை எடுத்துட்டாங்க. அடுத்த கூட்டத்துல பேசலாம். நான் பேசுறேன்."

பேசுகிறேன் என்று அவர் சொன்னால் நிச்சயம் பேசுவார். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

"சரிங்க ஐயா. இந்தப் பெட்டி மேல கையை வச்சு ஒரு ஜெபம் மட்டும் பண்ணிக் குடுங்க. உள்ள கொண்டு போகல. வீட்டுக்குத்தான்."

போதகர் பெட்டியைப் பார்த்தார். கை அங்கிக்குள் கொஞ்சம் அசைந்தது. உள்ளே பாட்டு ஆரம்பித்தது, யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

"என்னால முடியாதும்மா," என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். கலங்கி என்ன பிரயோசனம்?

வருகிற வழியெல்லாம் அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் என்ன செய்வதென்று தீர்மானமாயிற்று. "என்ன அண்ணி, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்ற நாத்தனாரைக் கண்ணாலேயே அடக்கி வெளியே அனுப்பினாள்.

ரொட்டிக்காரர் கண்ணை மூடியிருந்தார். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது.

"என்னங்க, இங்க பாருங்க. போதகர் குடுத்து விட்டாரு."

கண் திறந்தது. "என்னது?"

"மேசையில வச்சு ஜெபிச்ச அப்பம். உங்களுக்குன்னு பிட்டுக் குடுத்தாரு. நோயாளிக்குத் திராட்சை ரசம் வேண்டாம், இது போதும்னாரு."

"கையெழுத்து இல்லாமலா?"

"இல்லாமத்தான். மூப்பர் ராத்திரி முழுக்கத் தூங்கலையாம். எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னாரு. அப்பா பண்ணினது தப்புன்னு சொன்னாரு." ஒரு பொய் சொன்னபின் அடுத்தது தானாக வந்தது. "உங்க பேரை மறுபடி எழுதிட்டாங்க."

"அந்த ரெண்டு பேரையும் சொன்னானா?"

"சொன்னாரு. ரெண்டு பேருக்காகவும் எழுந்து நின்னு ஜெபிச்சோம்."

அவர் முகத்தில் என்னவோ தளர்ந்தது. பத்தொன்பது வருடமாக அங்கே ஏதோ இறுகிக் கிடந்தது என்பதே அது தளர்ந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். அவள் அப்பத்தில் ஒரு துண்டை வைத்தாள். தான் சுட்டதை அவர் கொஞ்சநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை வாயில் போட்டார்.

அப்போது ஆலயத்து மணி அடித்தது.

மேசையில் அப்பத்தைப் பிட்கிற நேரத்தில் மணியை மூன்று தரம் இடைவெளி விட்டு அடிப்பது சபை வழக்கம், வர முடியாமல் வீட்டில் கிடப்பவர்களும் தலை குனியட்டும் என்று. அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. மணி அடிக்கும்போது எப்போதும் உள்ளே இருந்தவள், வெளியிலிருந்து அதைக் கேட்பது இதுவே முதல் தடவை. அவரோ பத்தொன்பது வருடமாக வெளியிலிருந்து கேட்டவர்.

இரண்டாவது மணி அடித்தது. அவர் வாய் அசைவதை நிறுத்திவிட்டது. மூன்றாவது ஓய்கிறவரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"உன் பேரையும் அடிச்சுட்டாங்களா?" என்றார்.

"அடிச்சுட்டாங்க."

மனசில் இல்லாத ஒரு வரியில் கையெழுத்துப் போட மறுத்து அத்தனை வழக்குப் பேசிய மனிதர் துப்பிவிடுவார் என்று அவள் துண்டைக் கையில் எடுத்தாள். அவர் துப்பவில்லை. கன்னத்தில் ஒதுங்கியிருந்ததை மெதுவாக மென்றார். மூச்சு விட்டு, மறுபடி மென்று, கழுத்து நரம்பு புடைக்க விழுங்கினார். பிறகு மீதிப் பாதியை அவள் பக்கம் நீட்டினார்.

"இந்தா. இனிமே உனக்கு யாரு குடுப்பாங்க?"

அவள் கோணல் கையால் வாங்கி வாயில் வைத்தாள். அவர் பிசைந்ததுதான், நன்றாகத்தான் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் விழுங்கினாள்.